கேப்டனுக்கு வைத்திருந்த மாலை

“உனக்கு வாய் இருக்கா இல்லையா?” என்று கமலாம்பிகை டீச்சர் ஒருநாள் மீனாளைக் கேட்டார். அதனாலேயே பள்ளி நாடகத்தில் அவளுக்குத் தீவுத் தலைவி வேடம் கிடைத்தது. அதற்கு வசனமே கிடையாது.

வெள்ளைக்காரக் கேப்டன் ஒருவர் பினாங்குத் தீவைக் கண்டுபிடித்த கதையைப் பிள்ளைகளுக்கு இருபக்கமும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கல்வி அதிகாரி சொல்லியிருந்தார். தலைமையாசிரியர் பதவிக்குக் காத்திருந்த டீச்சர், தீவுக்காரர்கள் நாலு பேரை மேடையில் ஓரமாக நிறுத்தி, இருபக்கமும் ஆயிற்று என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

“நாங்க என்ன டீச்சர் பேசணும்?” என்றாள் மீனாள்.

“ஒண்ணும் பேச வேண்டாம்லா! கேப்டனுக்கு மாலையைப் போட்டுட்டுச் சிரி, போதும்.”

நாடகத்தன்று, கேப்டன் வேடமிட்ட சற்குணம் அட்டைக் கப்பலிலிருந்து குதித்துக் கொடியை நட்டான். “இந்தத் தீவை நான் கண்டுபிடிச்சேன்! இது என்னோடது!”

மீனாள் மாலையைப் போடவில்லை.

“நாங்கதான் இங்கயே இருக்கோமே, நீங்க எதைக் கண்டுபிடிச்சீங்க?” என்றாள்.

மண்டபமே கைதட்டியது. அதிகாரி மேடைக்கே ஏறி வந்துவிட்டார். “பிரமாதம்! இது யாரோட யோசனை?”

மீனாள் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

“என்னோடதுதான் சார்.”

மீனாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேப்டனுக்கு வைத்திருந்த மாலையை டீச்சர் கழுத்தில் போட்டுச் சிரித்துவிட்டு, இறங்கிப் போனாள்.