குளிருக்குக் கட்டினால் சரி

“ரெண்டு பேரும் தலையில இருக்கறதைக் கழட்டிட்டு அப்புறமா உள்ள வாங்க.”

காலை ஷிப்டுக்கு ஆட்களை உள்ளே விடுகிற நேரம். ஓசூர்ப் பனி இன்னும் விலகவில்லை. பெண்கள் போகிற கேட்டில் சூப்பர்வைசர் ராஜசேகர் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார். கழுத்து வரைக்கும் இழுத்துவிட்ட மங்கி குல்லாவுக்குள் அவருடைய கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன.

அவர் மறித்த இரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வந்தவர்கள். இளையவள் முபீன்தாஜ், கறுப்பு ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூட வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். பக்கத்து யூனிட்டிலிருந்து நேற்று மாலைதான் இங்கே மாற்றிவிட்டிருந்தார்கள். அவள் கட்டியிருந்தது நீலம். காது, கழுத்து மறைய, தாடைக்குக் கீழே பின் குத்தி, இருவரும் ஒரே மாதிரிக் கட்டியிருந்தார்கள்.

“நேத்தே சொன்னேனில்ல?” என்றார் ராஜசேகர், முபீன்தாஜைப் பார்த்து. “இன்னிக்கு ஜோடி சேத்துக்கிட்டு வந்திருக்கியா?”

முபீன்தாஜ் மெதுவாகச் சொன்னாள். “சார், நேத்து திருப்பி அனுப்பிட்டீங்க. இன்னிக்கும் திரும்பிப் போனா, வேற ஆள் போட்டுக்கறேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு.”

“அதுக்கு நான் என்னம்மா பண்றது? கழட்டு, போ.”

“எதுக்குக் கழட்டணும்?” என்று கேட்டாள் நீல ஸ்கார்ஃப் கட்டியவள். சத்தம் போடவில்லை. கடையில் தக்காளி என்ன விலை என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

“சேஃப்டி. மெஷின்ல மாட்டும்.”

“உள்ள போனதும் கம்பெனி தொப்பி போடறோம். காதோட சேத்து எல்லாத்தையும் மூடுது. அதுக்கு உள்ளாற இருக்கற துணி எந்த மெஷின்ல சார் போய் மாட்டும்?”

பின்னால் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ராஜசேகருக்கு முகம் சிவந்திருக்க வேண்டும். குல்லா மறைத்துவிட்டது.

“இந்தா பாருங்க,” என்று அவள் வரிசையைக் காட்டினாள். “அந்தக்கா முந்தானையை இழுத்துத் தலையில போட்டிருக்கு. இந்தப் பொண்ணு சால்வையைச் சுத்தியிருக்கு. உங்க தலையிலயும் ஒண்ணு இருக்கு. யாரையும் நிறுத்தலையே?”

“அவங்க குளிருக்குக் கட்டியிருக்காங்க. நீங்க கட்டினது வேற.”

“குளிருக்குக் கட்டினா சரி, வேணும்னு கட்டினா தப்பா?”

வரிசையில் நின்ற சரஸ்வதிக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, எங்களுக்கும் பஞ்ச் அடிக்க நேரமாகுது. அதுங்களைச் சொல்லிக் குத்தமில்ல சார். வீட்ல ஆம்பளைங்க கட்டச் சொல்லி அடிப்பாங்க. பாவம், இங்கயாச்சும் கழட்டி வெச்சிட்டுக் காத்தாட இருக்கலாமில்ல?”

“எங்க வீட்டுக்காரரு, இதெல்லாம் எதுக்கு, சும்மா போன்னுதான்க்கா சொன்னாரு,” என்றாள் நீல ஸ்கார்ஃப். “நான்தான் கட்டினேன். கட்டச் சொல்லி ஒருத்தர் மிரட்டினா தப்புன்னா, கழட்டச் சொல்லி இவரு மிரட்டறதுக்குப் பேரு என்னா?”

 

“அக்கா, விடுங்க,” என்று முபீன்தாஜ் அவள் கையைப் பிடித்தாள். “என்னால உங்க வேலையும் போயிடும். நான் திரும்பிப் போயிக்கிறேன்.”

“எங்க போற? சும்மா நில்லு.”

“இதோ பாரும்மா,” ராஜசேகர் குரலை உயர்த்தினார். “உங்க ஆளுங்களுக்குன்னு தனிச் சட்டம் போட முடியாது. யாரா இருந்தாலும் இந்த மாதிரி கட்டிக்கிட்டு இந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. நான் ஆள் பாத்துப் பேசறவன் கிடையாது.”

“நெஜமாவா சார்? ஆள் பாக்க மாட்டீங்க?”

“பாக்க மாட்டேன்.”

“அப்ப யாரு என்னான்னு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. நல்லது. நான் கழட்டறேன். பாத்துக்கங்க.”

“வேணாங்க்கா!” முபீன்தாஜின் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேர் நடுவில், ஓர் ஆண் முன்னால் கழட்டுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

 சரஸ்வதிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். நீல ஸ்கார்ஃப் கட்டியவள் தாடைக்குக் கீழே இருந்த பின்னை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, நீலத் துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள்.

உள்ளே முடி இல்லை. மழமழவென்று மொட்டைத் தலை, அதன்மேல் காய்ந்த சந்தனம்.

“கோவிந்தா!” ராஜசேகரின் கை தன்னாலே கும்பிட்டது. “திருப்பதியாம்மா? ஐயோ, மொதல்லயே சொல்லியிருந்தா நிறுத்தியே இருக்க மாட்டேனே! கட்டிக்கங்கம்மா, பனி தலையில எறங்கிடும், நல்லா இறுக்கிக் கட்டிக்கங்க!”

“வெறுந்தலையில துணி வழுக்கிட்டே இருந்துச்சு சார், பஸ்ல இந்தப் புள்ளதான் பாவம் பாத்துக் கட்டிவிட்டுச்சு,” என்றாள் தேன்கனிக்கோட்டை ஜோதிமணி. அப்புறம் தலையை முபீன்தாஜிடம் நீட்டி, அவள் மறுபடி பின் குத்துகிற வரைக்கும் கேட்டிலேயே நின்று, “கட்டிக்கச் சொன்னது ரெண்டு பேருக்கும்தானே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.