கணக்கில் வராத ஏழு யூனிட்

“உங்க வீட்டுக்கு மூணு கிலோவாட் போதும் சார். ஆனா உங்க பில்லு அஞ்சு கேக்குது,” என்றார் சோலார்காரர்.

மொட்டைமாடி வெயிலில் நின்று இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஃபிரிட்ஜ், நாலு ஃபேன், டிவி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார். எல்லாவற்றையும் தாளில் வரிசையாக எழுதிக் கூட்டினால் ஒரு நாளைக்குப் பதினோரு யூனிட். பில்லைப் பார்த்தால் பதினெட்டு.

ஆறு மாதமாகவே பில் எகிறிக்கொண்டிருந்தது. அந்த எரிச்சலில்தான் சோலாருக்கே ஆள் கூப்பிட்டேன். அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசி, மூன்று கிலோவாட்டின் விலையை ஆயிரம் ஆயிரமாகக் குறைத்து வைத்திருந்தேன். இப்போது வந்து ஏழு யூனிட் இடிக்கிறது என்கிறார் இந்த மனுஷன்.

“பெரிசாப் பாத்து என் தலையில கட்டலாம்னு பாக்குறீங்களா?” என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கீழே இறங்கி எல்லா சுவிட்சையும் அணைத்தார். ஃபிரிட்ஜ் பிளக்கைக்கூட உருவினார். பிறகு என்னை மீட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

மீட்டரின் சிவப்பு விளக்கு நின்றிருக்க வேண்டும். அது பாட்டுக்குக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“முந்நூறு வாட் இருக்கும் சார். ராப்பகலா ஓடுது. வேற யாரோ எடுக்குறாங்க.”

யாரோ என்ன யாரோ. எனக்குத் தெரியாதா?

மாடியின் நடுவே ஆளுயரச் சுவர். அந்தப் பக்கம் என் அண்ணன். பாகம் பிரித்து மூன்று வருடம் ஆகிறது. மீட்டர் என் பாகத்துக்கு வந்தது. அப்பா அவன் பாகத்துக்குப் போனார்.

“நான் பெரியவன்கூடவே இருந்துக்கறேன்” என்று அப்பா சொன்ன அன்றைக்கே, இனி உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பக்கத்துப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று மனைவியிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். அவளும் எடுத்ததில்லை.

தனி இணைப்பு வாங்க அண்ணனுக்கு என் கையெழுத்து தேவைப்பட்டது. போடவில்லை. இருட்டில் கிடந்தால்தான் புத்தி வரும். அதற்குள் பின்வீட்டுக்காரர் இரக்கப்பட்டு ஒரு விளக்குக்கும் ஃபேனுக்கும் வயர் கொடுத்துவிட்டார்.

வாங்கியவன் அடங்கிக் கிடந்தானா? இல்லை. ஆறு மாதம் முன்னால் மீன் தொட்டி வாங்கி வைத்தான். சுவரை ஒட்டி அவன் பாகத்து மாடி அறை. நான் துணி காயப்போட வந்தாலே அங்கிருந்து மோட்டார் இரைச்சலும், குபுகுபுவென்று தண்ணீர் கொப்பளிக்கும் சத்தமும் கேட்கும்.

“ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு மீன் வளக்குறான் பாரு,” என்று சுவரைப் பார்த்துப் பலமுறை உரக்கவே சொல்லியிருக்கிறேன். காதில் விழட்டும் என்றுதான். ஒருநாளும் பதில் வந்ததில்லை.

சோலார்காரர் மறுபடி மாடியேறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். அங்கே ஒரு சிவப்பு பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. பிடி உடைந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மனைவி சொன்ன பக்கெட். அதை நிமிர்த்தினால் உள்ளே பிளக் பாயிண்ட். அதில் செருகியிருந்த கறுப்பு வயர், துணிக்கொடியோடு கொடியாக ஓடிச் சுவரைத் தாண்டி இறங்கியது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். இந்த மூன்று வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

“எல்லா மீனும் துடிக்கட்டும்டா,” என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன்.

குபுகுபு நின்றது.

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது. பிறகு அண்ணனின் குரல்.

“அப்பா, இங்க பாருங்க. பயப்படாதீங்க. மெதுவா இழுத்து விடுங்க.”

கடைக்குப் போயிருந்த மனைவி அப்போதுதான் பையோடு படியேறி வந்தாள். என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள்.

“அது மாமாவோட ஆக்சிஜன் மெஷின்,” என்றாள். “பின்வீட்டு வயர் தாங்கல. நான்தான் குடுத்தேன்.”

நான் பிளக்கை ஓட்டையில் வைத்து அழுத்தினேன். அது வழுக்கிக்கொண்டு போனது. அவள் என் கையைத் தட்டிவிட்டு அதைப் பறித்துச் செருகினாள்.

பீப் என்று ஒரு சத்தம். பிறகு மோட்டார். எவ்வளவோ நேரம் கழித்துத்தான் குபுகுபு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல், பாதி காற்றாக.

“சின்னவன்... என்னடா கேட்டான்?”

“மீனெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டாம்பா,” என்றான் அண்ணன்.

மனைவி என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். சோலார்காரர் தாளைப் புரட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“இந்த ஏழு யூனிட்ட என்னன்னு சார் எழுதிக்கட்டும்?”

“மீன் தொட்டின்னே எழுதுங்க,” என்றேன். “அஞ்சே போட்டுடுங்க. பேட்டரியும் சேத்து.”

அதற்கு எவ்வளவு ஆகும் என்று நான் கேட்கவில்லை.