ஆறு மூட்டை மணல்

அவள் புருஷனின் உயிருக்கு வந்த விலை ஒரு பழைய பிக்கப் வண்டி.

டேங்கில் பாதி டீசல் இருந்தது. அதை மட்டும் முதலாளி இரண்டு தடவை சொல்லிக்காட்டினார்.

மேசைமேல் சாவியை வைத்தார். காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்துப் போடு தங்கச்சி. இதோட நமக்குள்ள பாக்கி ஒண்ணும் இல்ல."

அவர் யாரையாவது தங்கச்சி என்றால் காதில் கிடப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் ஏலத்துக்கு வரும் எல்லோருக்கும் இது தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் வீட்டில் இரண்டு சின்ன வயிறு காத்திருந்தது. போட்டாள்.

நான்கு பேர் போகும் படகில் மூன்று லைஃப் ஜாக்கெட்தான் இருந்தது. இன்னொன்று வேண்டும் என்று அவள் புருஷன் நடையாய் நடந்தான். "நாலு பேரும் ஒரே நேரத்துலயா விழப்போறீங்க?" என்று முதலாளி சிரித்தார்.

கணக்கில் கெட்டிக்காரர். அவர் சொன்னபடியே ஒருவன்தான் விழுந்தான்.

படகு பத்திரமாகத் திரும்பி வந்தது.

ஒன்பது வருடம் கழித்து இன்று அந்தப் படகுதான் அவளுடைய பிக்கப்பின் கொக்கியில் மாட்டியிருந்தது.

அதை வாங்க வந்தவர், படகுகளைக் கடலில் இறக்கும் சிமெண்ட் சரிவின் உச்சியில் லாரியோடு நின்றார். படகு லாரியில் ஏறிய பிறகுதான் பணம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். வழக்கமாக இழுக்கும் டிராக்டர் பழுது. தண்ணீர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் பாதிச் சரிவு உள்ளே போய்விடும்.

நேற்று முதலாளி ஃபோனில் 'தங்கச்சி' என்றுதான் ஆரம்பித்தார். இழுத்துத் தருகிறேன் என்றாள். கூலி கேட்கவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

படகு மூன்று டன். அதைத் தாங்கிய சக்கர டிரெய்லரோடு சேர்த்துப் பட்டைகளால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியவர் முதலாளியேதான். இந்த விஷயத்தில் வேறு யார் கையையும் நம்ப மாட்டார்.

பிக்கப்போ பின் சக்கரங்களின் பலத்தில் மட்டும் போகிற வண்டி. முன் சக்கரம் இரண்டும் சும்மா கூட வரும். பின்னால் பாரம் இல்லையென்றால் ஈரத்தில் அது எதற்கும் உதவாது.

எஞ்சின் உறுமியது. பின் சக்கரங்கள் பாசியில் நின்ற இடத்திலேயே சுற்றின. ரப்பர் கருகும் வாடை வந்தது.

"ஒன்பது வருஷமா இதைத்தான் ஓட்டிக் கிழிச்சியா?"

"பின்னால கனம் பத்தல முதலாளி. நீங்க ஏறி உக்காந்தா போதும்."

மேலே நின்றவர் சிரித்துவிட்டார். முதலாளியின் எடை நூற்றுப் பத்து கிலோ. அதில் பாதி அடுத்தவர் தராசில் குறைந்தது என்று பேச்சு.

முனகிக்கொண்டே ஏறி, பின்பலகையோடு ஒட்டி உட்கார்ந்தார். சக்கரம் பிடித்தது.

வண்டி முழம் முழமாக ஏறியது. படகு தண்ணீரை விட்டு வெளியே வந்து தன் வயிற்றைக் காட்டியது.

பாதிச் சரிவில் நிறுத்தினாள். கால் பிரேக்கில் இருந்தது.

காலை எடுத்தால் போதும். படகு, பிக்கப், அவர் எல்லாம் ஒன்றாகப் போகும். அவருக்கு நீச்சல் தெரியாது. அதெல்லாம் படகில் போகிறவர்களுக்குத்தான் தேவை என்பார்.

கண்ணாடியில் அவர் பின்னந்தலை வழுக்கை மினுங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கு ஆள். சுத்தமாக நேராகிவிடும்.

அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் நிம்மதியாகப் போய்விடுவார்.

தலையை வெளியே நீட்டினாள். "முதலாளி, எஞ்சின் சூடாயிடுச்சு. கொஞ்சம் இறங்கி, சுவரோரம் கிடக்கிற கல்லை எடுத்துட்டு வாங்க. சக்கரத்துக்கு வெக்கணும்."

"எல்லாம் நானே செய்யணுமா?" என்று இறங்கினார்.

அவர் சுவர்வரை போகட்டும் என்று காத்திருந்தாள். பின்னால் ஆள் யாரும் இல்லை என்று கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தாள். நாளை யார் கேட்டாலும் இழுத்தேன் என்று சொல்லலாம், பொய்யில்லை.

அதுவும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். அங்கே இருந்த கனம் இப்போது சுவரோரம் நின்றது.

காலை எடுத்தாள். இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

பிக்கப் ஒரு கணம் யோசித்தது. பிறகு பூட்டிய சக்கரங்களோடு பாசியில் பின்பக்கமாக வழுக்கியது. படகு இழுக்க, வண்டி போனது. ஓரக் கல்லில் மோதிப் படகின் அடி பிளந்த சத்தம் மேலே லாரிவரை கேட்டது. முதலாளி கட்டிய பட்டைகளில் ஒன்றுகூட அறவில்லை. பிக்கப்பின் கூரை கடைசியாக முங்கியது.

முதலாளி கல்லை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"அடிப்பாவி! என்னடி பண்ணிட்ட?"

அவர் வாயிலிருந்து தங்கச்சி காணாமல் போயிருந்தாள்.

"உங்க வண்டிதானே முதலாளி? திருப்பிக் குடுத்துட்டேன்."

ஏலத்தில் அவர் தினமும் கத்துவதுதான்: சரக்கைத் திருப்பினால் வியாபாரம் முறிந்தது, பழைய பாக்கி நின்றது.

வீட்டுக்கு நடந்தே போனாள். அந்த இரண்டு வயிறும் இப்போது வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கின்றன. வண்டி இல்லாமலும் அடுப்பு எரியும்.

வாசல் சுவரோரம் ஆறு மூட்டை மணல் அடுக்கியிருந்தது. பின்னால் கனம் வேண்டும் என்று ஒன்பது வருடமாகப் பிக்கப்பை விட்டு இறங்காத மணல். நேற்று ஃபோனை வைத்த கையோடு ஒவ்வொன்றாக இறக்கியிருந்தாள். இடுப்பு இன்னும் வலித்தது.

மேல் மூட்டையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

வண்டி திரும்பிவிட்டது. படகு போய்விட்டது. முதலாளி நலம்.

பாக்கி, ஓர் ஆள்.