கடைசி அடியில் ஒரு பெயர்

பாட்டில் வட்டமேசை வீரன் காட்டுக்குள் நுழைந்தபோதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது.

டக், டக், டக், டக்.

பிரபுவின் ஈஸ்டர் விருந்தில் பாட்டு சொல்லிக்கொண்டிருந்த லீவனுக்கு ஒரு சொல் தவறியது.

தொழுநோயாளிகள் தாங்கள் வருவதைத் தெரிவிக்கத் தட்டும் மரக்கட்டை. விருந்தன்று மிச்ச ரொட்டிக்குக் கோட்டை வாசலில் நிற்பார்கள். கூடத்தில் யாரும் காதில் வாங்கவில்லை.

ஆனால் ஓரடிக்கு நாலு தட்டு. அவன் சொல்லும் பாட்டின் தாளமே அது.

இந்தப் பாட்டை அறிந்தவன் இன்னொருவன்தான். எழுதிய பௌதின்.

போன இலையுதிர்காலத்தில் அவனைக் கோயிலில் நிற்கவைத்துச் சாவுப் பூசை நடத்தி, காலில் மண்ணள்ளிப் போட்டு, ஊருக்கு வெளியே அனுப்பினார் சாமியார். தொழுநோய் கண்டவன் அன்றோடு செத்தவன் கணக்கு. செத்தவன் சரக்கில் தன் முத்திரையைக் குத்தினால் யார் கேட்பது? லீவன் மனசாட்சியோடு பேரம் பேசி முடித்துவிட்டான். பாட்டு பிரபுவுக்குப் பிடித்துப்போனால் ஆயுசுக்கும் கோட்டையில் இடம்.

பிடிபட்டால் நாக்கு போகும். பொய் சொன்ன ஒருவனுக்குப் பிரபு அறுத்த நாக்கை ஊரே பார்த்திருக்கிறது.

பௌதின் எழுதி முடிக்காமல் விட்ட இடத்துக்கு வந்தான். அதற்குப்பின் லீவன் ஒட்டுப்போட்ட பகுதி.

கட்டை நின்றது.

எப்படியோ கடைசி அடிகளுக்கு வந்து சேர்ந்தான். அங்கே புலவன் தன் பெயரைச் சொல்லி, தனக்காக ஜெபிக்கச் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தான்.

டக், டக், டக், டக்.

"எழுதியவன் பௌதின். அவன் ஆன்மாவுக்காக ஜெபியுங்கள்."

கூடமே சிலுவை போட்டுக்கொண்டது. தங்கவைத்திருக்க வேண்டியது அவனைத்தான், சொல்ல மட்டும் தெரிந்த இவன் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று பிரபு சிரித்தார். அந்தப் புலவன் பெயரில் வாசலில் நிற்பவனுக்கு ரொட்டி கொடுக்கச் சொன்னார்.

போன வேலைக்காரன் ரொட்டியோடு திரும்பி வந்தான். வாசலில் ஒருத்தரும் இல்லையாம்.

பிரபுவின் மனைவி மேல்சன்னலைக் காட்டினாள். "அட, புகைக்கூண்டுல பாருங்க. செங்கால் நாரை வந்துடுச்சு. அதுதான் இவ்வளவு நேரமும் அலகைத் தட்டிக்கிட்டு இருந்துச்சு."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

லீவன் மட்டும் தன் கையைப் பார்த்தான். பௌதினின் சட்டைக்கையைச் சுருட்டி, தொழுநோய் என்று சாமியாருக்குக் காட்டிய கை அது. காட்டியது கொதிக்கும் சாயத்தொட்டியில் வெந்த வடு. வெந்த அன்று அதற்கு வெண்ணெய் தடவிவிட்டதும் இதே கைதான்.