இரண்டாவது கேட்

"ஆறுவழிச் சாலை, சரக்கு ரயில், கூப்பிடு தூரத்துல துறைமுகம். எல்லை தாண்டி வியாபாரம் பண்ண இதைவிட வாட்டமான இடம் கிடைக்காது சார்" என்று தொழில் வளர்ச்சி அதிகாரி சுவர் வரைபடத்தைக் குச்சியால் தட்டினார்.

முதலீடு செய்ய வந்தவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். "எல்லைச் சாவடியில லாரிங்க எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நிக்கறதாவது? பிரேக்ல கால் வைக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் போயிடும்."

வந்தவரின் முகம் தொங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப எனக்கு இந்த இடம் சரிப்பட்டு வராதுங்க."

"ஏன் சார்? என்ன தொழில் உங்களுக்கு?"

"லாட்ஜ். லாரி நின்னாத்தானே டிரைவருங்க ரூம் எடுப்பாங்க?"

அதிகாரி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலும் இறங்கியது.

"உட்காருங்க சார். இவ்வளவு நேரம் பேசினது மேடைப் பேச்சு. லாரிங்க நாள் கணக்கா நிக்கும். டிரைவருங்க லாரிக்கு அடியில துணி காயப்போட்டுக் குடித்தனமே நடத்தறாங்க."

"சாவடியில ரெண்டாவது கேட் வருதுன்னு கேள்விப்பட்டேனே?"

"வந்தாச்சு, திறப்பு விழாவும் முடிஞ்சாச்சு. மறுநாளே சாவி தொலைஞ்சு போச்சு. கமிட்டி போட்டுத் தேடிக்கிட்டிருக்கோம். நான்தான் தலைவர்."

வந்தவருக்கு முகம் மலர்ந்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது. "நான் லாட்ஜ் கட்டினப்புறம் சாவி கிடைச்சுட்டா?"

"கிடைக்காது" என்றபடி அதிகாரி மேஜை டிராயரை இழுத்து, சாவியை எடுத்துக் காட்டினார். "தைரியமா எங்களோட கூட்டு சேர்ந்துக்கங்க. அங்க ஏற்கெனவே இருக்கிற லாட்ஜ் என் மச்சானோடது."