மங்கலாக ஒரு பெயர்

ஜன்னல் வெயில் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிற ஆடிட்டர் கைபேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அது உர்ரென்று அதிர்ந்தபடியே இருக்கிறது. இந்தக் கம்பெனியின் திட்ட அறிக்கையைப் போட்டிக்காரர்களுக்குக் கொடுத்தவர், தன்னோடு சேர்ந்து பணம் போட்ட டாக்டர்தான் என்று காலையில் முகநூலில் ஊரறியத் திட்டி எழுதிவிட்டார். சபாஷ் குவிகிறது. டாக்டர் எதிரிலேயே உட்கார்ந்து, கழற்றிய பேனா மூடியை உருட்டிக்கொண்டிருக்கிறார். கம்பெனியைத் தொடங்கிய பெண், போட்டிக் கம்பெனியிலிருந்து தன் கைக்கு வந்த பிரதியை வெயிலுக்கு நகர்த்துகிறாள். யாருக்கு அனுப்பினாலும் அவரவர் பெயரைப் பக்கத்தின் குறுக்கே மங்கலாக அச்சிட்டு அனுப்புவது அவள் வழக்கம். ஆடிட்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிகிறார். சாம்பல் நிறத்தில் அவர் பெயரே படுத்திருக்கிறது. "மச்சான்கிட்ட சும்மா ஒரு பார்வை பாக்கச் சொல்லி அனுப்புனேன்," என்கிறார், யாரும் கேட்காமலே. டாக்டர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளுகிறார். ஆடிட்டர் தண்ணீரைத் தொடாமல் கைபேசியைத் திருப்புகிறார். கட்டைவிரல் காலைப் பதிவைத் தேடிப் போகிறது.

"அழிக்காதீங்க சார். அதுக்குக் கீழயே எழுதுங்க," என்கிறாள் அந்தப் பெண்.

விரல் அந்தரத்தில் நிற்கிறது. அதற்கடியில் யாரோ எழுதிய புதுப் பாராட்டு ஒன்று வந்து விழுகிறது: 'உண்மையச் சொல்ல ஒரு தைரியம் வேணும் சார்.'