கிழிந்த இலை

"போதும்டி! மரபணுவாம், நோய்க் கடத்தியாம். இதுக்கு மேல என் மண்டைல ஏறாது. நாளைக்கு உன் பரீட்சைக்கு வேற ஆளப் பாரு" என்றாள் அத்தை, திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டிக்கொண்டே.

ருபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வழியே இர்பித் நகரத் தெருவை எட்டிப் பார்த்தாள். அறிவியலைச் சாமானியர்களுக்குப் புரியவைப்பதுதான் அவள் எடுத்த முதுகலைப் படிப்பு. இந்த அத்தைக்குப் புரியவில்லை என்றால் இரண்டு வருடம் படித்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

"நீங்கதான் வேணும் அத்தை. தலசீமியாங்கிற ரத்த நோய்னா என்னன்னு பரீட்சை வைக்கிறவங்க முன்னாடி உங்க வாயாலயே திருப்பிச் சொல்லணும்."

"நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லாத நோயப் பத்தி நான் ஏன் சொல்லணும்? வர்ற மாசம் என் வீட்டு மருமகளா வரப்போறவ. மோதிரம் போட்டாச்சு, மண்டபம் பேசியாச்சு. கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கு உன் மூஞ்சி?"

ருபாவின் கைபேசி அதிர்ந்தது. முஹன்னத்தின் செய்தி: 'அம்மாவுக்குப் புரிஞ்சுதா?'

அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "கட்டிக்கப் போறவ பரீட்சை மேல என் மகனுக்கு எவ்வளவு அக்கறை பாரு!"

ருபா சட்டென்று இலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "அத்தை, கிழிஞ்ச இலை வந்தா என்ன செய்வீங்க?"

"நல்ல இலை ஒண்ணச் சேத்துச் சுருட்டுவேன். அரிசி வெளிய வராது. இதுகூடத் தெரியாம நீ குடித்தனம் பண்ணி..."

"அதேதான்! இலைதான் மரபணுன்னு வச்சுக்கோங்க. ஒரு பிள்ளையோட அப்பாகிட்ட ரெண்டு இலை. ஒண்ணு நல்லது, ஒண்ணு கிழிசல். அம்மாகிட்டயும் அப்படியே. நல்ல இலை காப்பாத்துறதால ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருப்பாங்க. ஆனா பிள்ளைக்கு ஆளுக்கொரு இலைதான் குடுக்க முடியும். எது போகும்னு யாருக்கும் தெரியாது."

அத்தையின் கை நின்றது. "ரெண்டு கிழிசலும் பிள்ளைக்கே வந்துட்டா?"

"மாசாமாசம் அடுத்தவங்க ரத்தத்த ஏத்தணும். ஆயுசுக்கும்."

"யா அல்லாஹ்! பச்சப் பிள்ளைக்கா?" அத்தை இரண்டு கிழிந்த இலைகளை எடுத்துப் பார்த்தாள். "அப்ப நோய் இல்லாத ரெண்டு பேருக்கே நோயாளிப் பிள்ளை பிறக்கலாம். அப்படித்தானே? தெரிஞ்சே யாராவது கட்டி வைப்பாங்களா? மண்டபம் போனாப் போகுது, ஊர் சிரிச்சாச் சிரிக்குது. நானா இருந்தா அந்தக் கல்யாணத்த நிறுத்திடுவேன்."

சொல்லிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தாள். "சரியாச் சொல்லிட்டேனா? நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

ருபாவின் கண்கள் பொங்கி வழிந்தன. அத்தை கையிலிருந்த இலைகளை வாங்கி, தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"என் பரீட்சை போன மாசமே முடிஞ்சிடுச்சு அத்தை. இன்னிக்குக் காலையில கல்யாணத்துக்கு முன்னாடி சட்டப்படி நாங்க ரெண்டு பேரும் குடுத்த ரத்தப் பரிசோதனையோட முடிவு வந்துச்சு. இந்தக் கிழிசல் என்னோடது... அது உங்க முஹன்னத்தோடது."